கசப்புக்கு ஒரு முகம்

மார்ச் மாதம் வந்தால் எங்கள் சந்தில் சுவர்கள் வியர்க்கும். தெற்கேயிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வீசும்; குளிர்காலம் முழுக்கச் சில்லிட்டுக் கிடந்த சுவரில் அது பட்டதும் தண்ணீர் சொட்டத் தொடங்கிவிடும். படிக்கட்டு வழுக்கும். துவைத்த சட்டை காயாமல் நாறும். அந்த ஈரம் உடம்பிலும் இறங்கிக் கோத்துக்கொள்ளும், பின்னாலேயே தலைபாரமும் தொண்டைவலியும் காய்ச்சலும் வரும் என்பது தென்சீனத்துக் குவாங்சோவில் பிறந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். அதனால் அந்த மாதம் லின் அக்காவின் கசாயக் கடைமுன் கூட்டம் நிற்கும்.

கூங் புய்லின் என்பது அவள் முழுப்பெயர். நான் அவளுக்குப் பக்கத்துக் கடையில் பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பவள். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான். அவள் தும்மினால் என் மெஷின் ஊசி நடுங்கும். அதனால் இதில் எதையும் நான் பிறத்தியார் சொல்லிக் கேட்கவில்லை.

கடையின் முன்னால் குழாய் வைத்த இரண்டு பித்தளை அண்டாக்கள். பின்னால் மண்சட்டிகளில் எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். வசந்தத்துக்கு ஐந்து பூ கசாயம், கோடைக்கு ஒன்று, இலையுதிர் காலத்து வறட்சிக்குக் கரும்பும் நாணல்வேரும், குளிர்காலத்தில் வறுவல் தின்று ஏறும் சூட்டுக்கு இருபத்துநாலு சரக்கு போட்ட கறுப்புக் கசாயம். கேட்டதைக் கொடுக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. காசை நீட்டினால் முதலில் நாக்கை நீட்டச் சொல்வாள். "நேத்து வறுத்த வாத்து தின்னீங்களா? கண்ணே சொல்லுதே. உங்களுக்குக் கறுப்புதான்" என்று கிண்ணத்தை நகர்த்துவாள். தள்ளாடி வரும் கிழவிகளுக்குக் கறுப்பைக் கொடுக்கவே மாட்டாள். அது குளிர்ச்சி, வயிற்றைக் கலக்கிவிடும், கரும்பு குடித்துவிட்டுப் போங்கள் என்பாள். யாராவது காய்ச்சலோடு வந்து நின்றால் திட்டித் துரத்துவாள்.

"நோய் வந்தப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. வர்றதுக்கு முன்னாடி எங்கிட்ட வாங்க. ரெண்டையும் கொழப்பாதீங்க."

கணவன் படகுத்துறையில் கிரேன் ஓட்டியவன். மகள் சியூமான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டான். அதற்கு முன் லின் அக்கா மருந்துச் சரக்குக் கடை ஒன்றில் வேர் நறுக்கும் வேலையில் இருந்தாள். அங்கே காதில் விழுந்ததையும் கையில் பட்டதையும் வைத்துக்கொண்டு இந்தக் கடையைத் திறந்தாள், மகளைப் படிக்கவைத்தாள். மகள் இப்போது ஷென்ஜெனில் ஒரு கப்பல் கம்பெனியில் இருக்கிறாள்.

எதிர்க்கடைக்கு லுவான் வந்தது ஒரு ஜூலை மாதம். லுவான் பாவ்ஷான், ஷான்தோங்கிலிருந்து வந்த வடக்கத்தியான். மனைவி இல்லை. மகன் இங்கே வேலைக்கு வந்தான் என்று கூடவே வந்தார். மகனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், இவர் போகவில்லை. குழந்தைத் தலை அளவுக்கு ஆவியில் வேகவைத்த ரொட்டியும், பூண்டுத்தழை வைத்த கொழுக்கட்டையும் விற்கத் தொடங்கினார். ஆறடி உயரம், சட்டி மாதிரிக் குரல். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் வரும். விலை சொன்னால் வசவு மாதிரி விழும்.

வந்த அன்றைக்கே அது நடந்தது. அடுப்பை இறக்கி வைத்துவிட்டு வியர்வையில் நனைந்து நின்றவர் லின் அக்காவின் பலகையைப் பார்த்தார். 'குளிர்ச்சித் தேநீர்' என்று எழுதியிருந்தது; உடம்புச் சூட்டைத் தணிக்கும் கசாயத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஐஸ் போட்ட தேநீர் என்று நினைத்துக்கொண்டு, காசை வைத்து, இருப்பதிலேயே பெரிய கிண்ணமாகக் கேட்டார். அன்று கூட்டம், லின் அக்கா நாக்கைப் பார்க்கவில்லை, ஆளின் சைஸைப் பார்த்துக் கறுப்பை ஊற்றிவிட்டாள். அவர் அண்ணாந்து ஒரே வாயில் பாதியைக் கவிழ்த்தார். வெதுவெதுவென்று, பேய்க்கசப்பாக உள்ளே போனது அடுத்த நொடியே வெளியே வந்தது, பூன் மாமாவின் செருப்பு மேல்.

பூன் மாமா ஓய்வுபெற்ற படகு மெக்கானிக். காலையிலிருந்து மாலைவரை லின் அக்கா கடை பெஞ்சில் இருப்பவர். அவர் செருப்பைப் பார்த்தார், வடக்கத்தியானைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். சந்தே சிரித்தது. நாங்கள் பால் மறந்ததுமே அந்தக் கசாயம் குடிக்கத் தொடங்கியவர்கள். எங்களில் ஒருவருக்கும் அதைக் குடிக்கும்போது புருவம்கூட அசையாது. இந்த மனிதரின் முகமோ துணி பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டது. ஒரு கண் மூடியது, மூக்கு ஏறியது, காது சிவந்தது.

"என்னம்மா இது, செருப்ப ஊறவச்ச தண்ணியா?" என்று கேட்டார்.

"செருப்பு பூன் மாமாவோடது. இப்பதான் ஊறுது" என்றாள் லின் அக்கா. "காசு திருப்பித் தரமாட்டேன்."

அன்று தொடங்கிய சண்டை இரண்டு வருஷம் ஓடியது. அவர் மதியச் சாப்பாட்டோடு பச்சைப் பூண்டைக் கடித்துத் தின்பார். லின் அக்கா விசிறியை எடுத்து வாடையை அவர் பக்கமே திருப்பி அனுப்புவாள். எங்கள் ஊரில் நோய் வராமலிருக்க இது போதும், வேரைக் காய்ச்சி வயிற்றில் ஊற்றுவதில்லை என்பார் அவர். இந்த ஊர் ஈரத்தில் எண்ணெய்ப் பண்டமும் சோளச் சாராயமுமாக இருந்தால் வசந்தம் வரும்போது தெரியும் என்பாள் இவள். அவர் வேண்டுமென்றே ஒரு தட்டில் கொழுக்கட்டையும் நசுக்கிய பூண்டும் வைத்து அவள் அண்டா பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். அவள் பத்தடி தூரத்தில் இருக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து தட்டை எடுத்து என் மேஜையில் வைப்பாள். கொழுக்கட்டை எல்லாம் நான்தான் தின்றேன். சண்டை நீடிக்கட்டும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

முதல் வசந்தத்திலேயே அவருக்குத் தொண்டை போனது. ரொட்டி ரொட்டி என்று சந்து அதிரக் கூவுகிற மனிதர் கையைக் காட்டிக் காட்டி வியாபாரம் செய்தார். லின் அக்கா ஒரு கிண்ணத்தை மூடி என்னிடம் கொடுத்தனுப்பினாள். நான் கொடுத்தேன் என்று சொல்லாதே, வேறு யாரோ வாங்கிக் கொடுத்தது என்று சொல் என்றாள். நான் அப்படியே சொன்னேன். அவர் அதை வாசலிலிருந்த மிளகாய்ச் செடிக்கு ஊற்றிவிட்டார். குரல் திரும்பியதும் முதல் வேலையாகச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கடைக்காரம்மா, உங்க கசாயம் ரொம்ப நல்லதுங்க. எங்க செடிக்கு இந்த வருஷம் சளியே பிடிக்கல."

லின் அக்கா மரத்தடுப்புக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மூன்றாம் வருஷம் ஜனவரியில் அவளுக்கே காய்ச்சல் வந்தது. ஊருக்கெல்லாம் வராமலிருக்கக் கசாயம் ஊற்றியவளுக்கே காய்ச்சல் என்று தெரிந்தால் வியாபாரம் என்ன ஆகும்? கடைக் கதவை இறக்கினாள். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னாள். மாடியில் போர்வைக்குள் கிடந்தாள். நான் பின்பக்கமாக ஏறிக் கஞ்சி கொடுத்துவிட்டு வருவேன். ஒரு வாரம் போலிருக்கும், எழுந்து வந்து கடையைத் திறந்தாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆகவில்லை. ஒருநாள் கசாயம் வெறும் தண்ணீராக இருந்தது. மறுநாள் எனக்கே நாக்கு மரத்தது. எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள், வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். பெஞ்சில் இடம் காலியாகத் தெரிந்தது. சரக்கை அவள் நிறுத்துத்தான் போடுகிறாள். ஆனால் ஒரு மூட்டை வேர் போல இன்னொரு மூட்டை இருக்காது. மழையில் நனைந்த பூவுக்கும் வெயிலில் காய்ந்ததற்கும் வீரியம் வேறு. கடைசியில் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்துத்தான் அடுப்பை அணைப்பாள். இப்போதும் கரண்டியை எடுத்தாள், நாக்கில் விட்டாள், நெடுநேரம் நின்றாள். என்ன அக்கா என்று நான் கேட்டபோது கரண்டி சூடு என்றாள்.

கண்டுபிடித்தது லுவான்தான். அன்றும் வம்புக்காகத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பூண்டு நசுக்கிக் குவித்திருந்தது. என் கண்ணே எரிந்தது. லின் அக்கா அண்டாவைத் துடைத்துக்கொண்டே அதன் பக்கத்தில் வந்தாள், தட்டுக்கு மேலாகக் குனிந்து அந்தப் பக்கத்து வாளியில் துணியைப் பிழிந்தாள், போய்விட்டாள். மூக்கைப் பொத்தவில்லை. விசிறியை எடுக்கவில்லை. அவர் சிரிக்கத் தயாராக நின்றவர் அப்படியே நின்றார். பிறகு கூட்டம் கலையும்வரை காத்திருந்து உள்ளே வந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மெஷினை நிறுத்தினேன்.

"உங்களுக்கு வாடை தெரியலயா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எனக்கென்ன, நல்லாத்தான் தெரியுது."

"அப்ப இந்தத் தட்டுல என்ன இருக்கு? பாக்காம சொல்லுங்க."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, நாக்கும் போய்விட்டது, உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று அவள் சொன்னதும் கேட்டது. அவர் சரி என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும், கடை திறப்பதற்கு முன்னால், அவர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊத்துங்க" என்றார்.

"எதுக்கு?"

"இந்தச் சந்துல எல்லாருக்கும் கசப்பு பழகிப்போச்சு. நீங்க கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. எனக்குப் பழகல. நான் குடிக்கிறேன், என் மூஞ்சியப் பாத்துக்கங்க."

அவள் யோசித்தாள். ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முகம் முறுக்கியது, ஆனால் காது சிவக்கவில்லை. "அன்னிக்கு மொத நாள் இத விட மோசமா இருந்துச்சு" என்றார் மூச்சு வாங்க. லின் அக்கா அடுப்பைத் திரும்ப ஏற்றினாள். சற்றுக் கழித்து இரண்டாவது கிண்ணம். ஒரு கண் மூடியது, மூக்கு ஏறியது, காது சிவந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். உப்புப் போட்டு உலர்த்திய பிளம் பழம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். வழக்கமாக அதைக் குழந்தைகளுக்குத்தான் கொடுப்பாள்.

அதிலிருந்து தினமும் காலையில் அது நடந்தது. கொஞ்ச நாளில் பெஞ்ச் நிறைந்தது. வடக்கத்தியான் எதற்குக் காலங்காத்தாலே அங்கே போகிறான் என்று சந்தில் பேச்சு வந்தது. பூன் மாமா என்னிடம் கேட்டபோது அடுப்புப் புகைபோக்கி சரிசெய்கிறார் என்று சொல்லிவைத்தேன். அவர்களுக்குள் ஒரு பாஷையே உண்டாகிவிட்டது. "இன்னைக்கு மூக்கு வரைக்கும் வந்திருக்கு, காது வரல" என்பாள் அவள். "கொஞ்சம் பொறுங்க, மெதுவாத்தான் ஏறுது" என்பார் அவர்.

அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவரும் அவர்தான். அவள் முதலில் மறுத்தாள். நோய் வந்தப்புறம் எங்கே போகணும்னு நீங்கதானே சொல்வீங்க என்று கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டாள். மூக்கிலிருந்து போகும் நரம்பு அடிபட்டிருக்கிறது, வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், வாசனையுள்ள பொருள்களைக் காலையும் மாலையும் முகர்ந்துகொண்டே இருங்கள் என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னாள்.

மார்ச்சில் இலவமரங்கள் பூத்தன. ஆற்றங்கரைச் சாலையில் இலை ஒன்றுமில்லாமல் மரம் முழுக்கச் சிவப்பு. பூ கனமானது, தொப்பென்று விழும். ஐந்து பூ கசாயத்துக்கு லின் அக்கா அதையும் பொறுக்கிக் காயவைப்பாள். அந்த வருஷம் அவரும் கோணிப்பை தூக்கிக்கொண்டு கூடப் போனார். நானும் போயிருந்தேன். நல்ல பூ எது, அழுகத் தொடங்கியது எது என்று முகர்ந்து பார்த்துப் பிரிப்பது அவள் வழக்கம். இப்போது ஒவ்வொன்றாக எடுத்து அவர் மூக்கருகே நீட்டினாள். அவர் முகர்ந்து தலையாட்டினார். போகிற வருகிற கிழவிகள் நின்று பார்த்தார்கள். ஐம்பது வயசு தாண்டியவர்கள் பூ கொடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பூ அவர் வழுக்கைத் தலையில் நேராக விழுந்தது. லின் அக்கா சாலையோரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஏப்ரலில் சிக்கல் வந்தது. பூன் மாமா ஒரு நாள் வழக்கம்போல ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போனவர், மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரவெல்லாம் வயிறு போயிருக்கிறது. லின் அக்கா பதறிப்போய் அவருக்கு அரிசிக்கஞ்சி வைத்துக் கொடுத்து வீட்டில் விட்டுவந்தாள். நான் முந்தின நாள் மிச்சமிருந்த கசாயத்தை வாயில் விட்டுப் பார்த்தேன். ஈயம் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது. முந்தின நாள் காலையில் இதைக் குடித்துவிட்டு லுவான் சாதாரணமாக மீசையைத் துடைத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன்.

"உங்க மூஞ்சிய நம்பித்தானே நான் அடுப்ப அணைக்கிறேன்? அது இப்படி மோசம் பண்ணிருச்சே" என்றாள் அவரிடம்.

"என் மூஞ்சி என்னங்க பண்ணும்? பழகிப்போச்சு. இப்பல்லாம் கசக்கவே மாட்டேங்குது. நேத்து வெறும் தண்ணி குடிச்சேன், அதுதான் சப்புனு இருந்துச்சு."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவருக்கோ தன் பதவி போய்விடுமோ என்ற கவலை. ஒரு வழி கண்டுபிடித்தார். வருவதற்கு முன் வாய் நிறையக் கற்கண்டை அடக்கிக்கொள்வது. இனிப்புக்குப் பிறகு கசப்பு இரட்டிப்பாகத் தெரியும். முகம் மறுபடி முறுக்கியது. கடை மறுபடி சீரானது. மே மாதக் கடைசியில் அவருடைய கடைவாய்ப் பல்லின் ஈறு வீங்கிக்கொண்டது.

அன்று காலை வந்து உட்கார்ந்தபோது இடது கன்னம் அவர் விற்கும் ரொட்டி அளவுக்கு இருந்தது. கண் பாதி மூடிக் கிடந்தது. கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு "ஊத்துங்க" என்றார். வார்த்தை கோணலாக வந்தது. லின் அக்கா கரண்டியோடு நின்றாள். அந்த முகத்தில் எதைப் படிப்பது? ஒரு பக்கம் வீக்கம், ஒரு பக்கம் வலி. அவர் கிண்ணத்துக்குக் கை நீட்டியபடியே இருந்தார். அவள் கரண்டியைச் சட்டிமேல் வைத்துவிட்டாள்.

"போதும்" என்றாள். "என் வீராப்புக்கு உங்க பல்லு போகணுமா? எந்திரிங்க, மொதல்ல பல் டாக்டர்கிட்ட போங்க."

கூட்டம் சேர்ந்ததும் அவள் அண்டாவுக்கு முன்னால் வந்து நின்றாள். விலை சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம். ஜனவரியில எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. மகள் வீட்டுக்குப் போனேன்னு சொன்னது பொய். அதுலேர்ந்து எனக்கு ருசியும் இல்ல, வாசனையும் இல்ல. இத்தன நாள் அந்த எதிர்க்கடைக்காரர் குடிச்சுப் பாத்துத்தான் நான் வித்தேன். இனிமே அவரால முடியாது. நீங்கதான் சொல்லணும். வேணாம்னு தோணுனா ரோட்டுல வேற கடை இருக்கு."

ஒரு அம்மாள் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். அவள் பிறகு வரவேயில்லை. பூன் மாமா செருமினார்.

"அப்ப எனக்கு வயிறு போனதுக்குக் காரணம் வடக்கத்தியான் மூஞ்சியா?"

"ஆமாம்" என்றாள் லின் அக்கா.

"அவன் வந்த நாள்லேர்ந்து என்னையேதான் குறி வச்சிருக்கான். மொதல்ல செருப்பு, அப்புறம் வயிறு." பிறகு கிண்ணத்தை நீட்டினார். "கொண்டா பாப்போம்." ஒரு வாய் குடித்தார். "கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கு, முன்னாடியே சொல்லணும்னு நெனச்சேன்."

அப்படிச் சொல்லிவிட்டது ஒரு கதவைத் திறந்த மாதிரி ஆயிற்று. வருஷக்கணக்காகக் குறை சொல்லாதவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். கறுப்பில் அதிமதுரம் தூக்கல் என்றார் ஒருவர். இல்லை, குறைச்சல் என்றார் மற்றவர். ஐந்து பூவில் சாமந்தி போதாது, இலவம் அதிகம் என்று மீன்காரி ஒருத்தி தினமும் சண்டை பிடித்தாள். லின் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், பாதியைக் காதில் வாங்கவில்லை. கசாயம் இதற்கு முன் எப்போதும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்பது என் அபிப்பிராயம். இதை அவளிடம் சொன்னதில்லை.

லுவான் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை அவர் கசாயக் கடைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தன் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார், கூவவுமில்லை. லின் அக்கா தடுப்பு வழியாக எட்டிப் பார்த்து, பல் எப்படி இருக்கிறது என்று போய்க் கேட்டு வா என்று என்னிடம் சொன்னாள். உன் கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். முறைத்தாள். அப்புறம் இடுப்பில் கட்டியிருந்த அடுப்படித் துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுச் சந்தைக் கடந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். சந்து குறுகல், பேசினால் கேட்கும்.

"காலையில ஆளக் காணோம்?"

"என் வேலதான் போயிருச்சே."

"வேலைக்குத்தான் வந்தீங்களா?"

அவர் மாவைத் திருப்பிப் போட்டுப் பிசைந்தார்.

"வேலைக்குன்னா இனிமே வரவேணாம். சும்மா வர்றதா இருந்தா வாங்க. ஸ்டூல் அங்கயேதான் கெடக்குது."

மறுநாள் விடிந்ததும் வந்தார். கற்கண்டு இல்லாமல், கிண்ணம் கேட்காமல், கையில் சூடான ரொட்டியோடு வந்தார். இருவரும் உட்கார்ந்து அதைப் பிய்த்துத் தின்றார்கள். நான் அன்று கடையை லேட்டாகத் திறந்தேன்.

இலையுதிர் கால விழாவுக்கு மகள் சியூமான் வந்தாள். வந்த அன்றே நேராக என்னிடம் வந்து, அம்மாவுக்கும் அந்தப் பெரியவருக்கும் என்ன சங்கதி என்று கேட்டாள். உங்க அம்மாவையே கேள் என்றேன். அன்று சாப்பாட்டு மேஜையில் கேட்டாள், நானும் இருந்தேன்.

"அவர் பூண்டு திம்பாரு" என்றாள் லின் அக்கா.

"அத நான் கேக்கலம்மா."

"வாய் ரொம்பப் பேசுவாரு. நம்ம பேச்சு இன்னும் ஒழுங்கா வரல." மீன்துண்டு ஒன்றை எடுத்து மகள் கிண்ணத்தில் வைத்தாள். "அடுத்த மாசம் ஆபீஸ்ல போய்ப் பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். உனக்கு லீவு கெடைக்குமா?"

மகள் அந்த மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு கிடைக்கும் என்றாள்.

லின் அக்காவின் நாக்கு அதற்குள் பாதி திரும்பியிருந்தது. இனிப்பும் உப்பும் தெரிந்தன. கசப்பு மங்கலாக, தூரத்தில் தெரிந்தது. மூக்கு கோணலாகத் திரும்பியது. சாமந்திப்பூ அவளுக்கு மண்ணெண்ணெய் மாதிரி மணக்கிறது. பூண்டு வாடை மட்டும் இன்றுவரை வரவில்லை. இந்தக் கல்யாணம் ஓடுவதே அதனால்தான் என்கிறாள்.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவளை ஷான்தோங்குக்கு, தன் தங்கை வீட்டுக்கு அழைத்துப்போனார். அவள் இரண்டு பை நிறைய உலர்ந்த சரக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அங்கே காற்று கத்தி மாதிரி வறட்சியாக இருந்ததாம்; உதடு வெடித்து, போன இரண்டாம் நாளே உடம்பு நடுங்கத் தொடங்கிவிட்டது. தன் பைகளை அவிழ்க்கப் போனாளாம். அவர் தங்கை, வாட்டசாட்டமான பொம்பளை, பையைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்துவிட்டு, இஞ்சியும் வெங்காயத்தாளின் வெள்ளைத்தண்டும் கருப்பட்டி போன்ற சர்க்கரையும் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். கீழே நெருப்பு மூட்டிய செங்கல் கட்டிலில் இவளை ஏற்றி உட்காரவைத்து, குடி என்றாள்.

"வாயத் தொறக்காமக் குடிச்சாங்க. ரெண்டு கிண்ணம்" என்று லுவான் இங்கே வந்து பெஞ்சிலிருந்த எல்லாரிடமும் சொன்னார்.

"வாயத் தொறக்காம எப்படிங்க குடிக்கிறது?" என்றாள் லின் அக்கா. "அது மருந்தா, பாயசமா? அவ்வளவு இனிப்பா இருந்தா எவனும் வேணும்னே சளி பிடிச்சுக்குவான்."

மிச்சக் கதையை அவள் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். உடம்பு தேறியதும் அவள் அலமாரிமேலிருந்து பையை இறக்கி, தங்கை வீட்டு எட்டுப் பேருக்கும் கறுப்புக் கசாயம் காய்ச்சினாளாம். தங்கை ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்துக்கு ஓடி, பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாளாம். திரும்பி வந்து, அண்ணே, இதையா தினமும் குடிக்கிறே, உன்னை இவள் என்ன பாடு படுத்துகிறாள் என்று கேட்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று பூன் மாமா கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. எல்லாரும் மிச்சம் வச்சத வாங்கி நானே குடிச்சேன்."

அவர் அதைச் சொல்லும்போது லின் அக்கா என் கடைப் பக்கம் திரும்பி நின்று, இந்தச் சட்டைக்குப் பொத்தான் எப்போது தைத்துத் தரப்போகிறாய் என்று என்னைத் திட்டத் தொடங்கினாள். அது அவர் சட்டை. அதில் எல்லாப் பொத்தானும் இருந்தது.